அறுந்தது நரம்பல்ல

மத்திகிரியில் குடியிருக்கும் ஆரோக்கியசெல்விக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் வேலை. தலைக்கு மேல் ஓடும் சங்கிலியின் கொக்கிகளில் இரும்புச் சட்டங்களைத் தூக்கி மாட்ட வேண்டும். கை மேலே நிமிர்ந்து தள்ளினால்தான் சோறு.

ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். முழங்கைக்குப் பின்னால் ஏதோ பட்டென்று விட்டது.

சூப்பர்வைசர் முத்துக்குமார் கையைத் தொங்கப்போடச் சொன்னான். தொங்கிய கை நேராகத்தான் இருந்தது.

"பாத்தியா, நல்லாத்தாம்மா நீட்டுற. நரம்பு பிசகியிருக்கும். உருவிவிட்டா சரியாப் போயிடும்."

புருஷன் சகாயநாதனும் அதையே சொல்லி, எண்ணெய் போட்டு உருவினான். முழங்கை வீங்கிக் கறுத்தது. சீப்பை மேலே கொண்டுபோனால் கை மடங்கித் தலையிலேயே விழுந்தது. காலையில் தனியாக ஆட்டோ ஏறி ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். சகாயநாதன் பின்னாலேயே ஓடிவந்தான்.

டாக்டர் சுசித்ரா கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இப்ப நீட்டுங்க" என்றார். முழங்கை நிமிரவில்லை. அதன் பின்புறம் விரலால் அழுத்தினார். விரல் பள்ளத்தில் இறங்கியது. எக்ஸ்ரேயில் எலும்புச் சில் ஒன்று மேலே ஏறிக் கிடந்தது.

"தொங்கும்போது கை தன் கனத்துலயே நேராயிடும். அது நீட்டுறது ஆகாது."

"நரம்புதானே டாக்டர்? கட்டு போட்டா..." என்றான் சகாயநாதன்.

"நரம்பு இல்லைங்க, நாண். சதையை எலும்போட சேத்து வெச்சிருக்கறது. வில்லுல நாண் அறுந்தா எண்ணெயா தடவுவீங்க? எலும்புல துளை போட்டுத் தைக்கணும். தள்ளிப்போட்டா சதை சுருங்கிடும்."

"கத்தி வெச்சா கை பழையபடி வராதும்பாங்க. வா செல்வி, நாலு பேரக் கேட்டு முடிவு பண்ணலாம்."

"நீங்க கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

தைத்தார்கள். கையைப் பாதி நீட்டிய வாக்கில் கட்டி வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடக்கப் பழக்கினார்கள். எதையும் தள்ளக்கூடாது, தூக்கக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த நாத்தனாரை டீ கொடுத்து அனுப்பிவைத்தாள்.

முத்துக்குமார் போன் செய்தான். "கட்டு பிரிச்சாச்சாமே. வந்து லேசான சட்டமா மாட்டு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

"போடுங்க சார். டாக்டர் சொல்ற அன்னிக்கு வருவேன். அன்னிக்கு அந்த ஆள் நகரணும்."

"ரொம்பப் பேசுறியே."

"கைதான் சார் ரிப்பேரு. வாய்க்கு ஒண்ணும் ஆகல."

மழைக்காலம் முடிந்த பிறகுதான் வேலைக்குப் போக டாக்டர் சம்மதித்தார். கொக்கிக்கு அடியில் புதிதாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நகரு தங்கச்சி" என்றாள் ஆரோக்கியசெல்வி.

முழங்கை முழுசாக நிமிர இன்னும் ஒரு விரல்கடை பாக்கி இருந்தது. அதோடேயே சட்டத்தைத் தூக்கி மாட்டினாள்.