தாண்டவராயன் கப்பல் பார்த்த கதை

புதூர்நாட்டிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் தாண்டவராயனிடம் மாட்டாமல் போக முடியாது. பஸ்ஸும் ஜீப்பும் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே அவருடைய புளி மண்டி. திருப்பதிக்குப் போகிறவரை நிறுத்தி எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று சொல்வார். பிரசவத்துக்கு வேலூர் போகிற பெண்ணிடம் எந்தக் கட்டிலுக்குக் காற்று வரும் என்று சொல்வார். பெங்களூரில் பல வருடமாகக் கட்டட வேலை செய்கிறவனுக்குப் பெங்களூரைப் பற்றி விளக்குவார். ஒருமுறை மச்சானைத் துபாய்க்கு வழியனுப்ப மீனம்பாக்கம் வரை போனார். காரை நிறுத்துகிற இடத்தைத் தாண்டி அவரை உள்ளே விடவில்லை. ஆனாலும் விமானத்துக் கழிவறைக் கதவை எப்படித் திறப்பது என்பது வரைக்கும் அதன்பிறகு அவர்தான் ஊருக்கு வாத்தியார்.

கெட்ட மனிதர் இல்லை. எடையில் கைவைக்க மாட்டார். நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். நின்று, சாமியானா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லுவார்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் இவருக்குக் கப்பல் ஆசை வந்தது. கொண்டுவந்தவர் ஹனீஃபா. வாணியம்பாடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். புளி சீசனில் மலையேறி வந்து தாண்டவராயனிடம் மூட்டை எடுப்பார். பழகிப் பழகி இரண்டு குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு மண்டியில் ரேஷன் கடை அருணகிரியும் உட்கார்ந்திருந்தார். மகளும் மருமகனும் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போய்வந்த வீடியோவை ஹனீஃபா இருவருக்கும் காட்டினார்.

"கப்பலுக்கு மேலயே நீச்சல் குளம் கீது, பாருங்கண்ணே."

தாண்டவராயன் போனை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சுத்தியும் கடலு, நடுவுல ஒரு குளம். இன்னா மூளைய்யா அவனுங்களுக்கு!" இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த வருஷம் நாம போறோம். மூணு பேரும், குடும்பத்தோட."

"கப்பல்லயா?" என்றார் அருணகிரி.

"பின்ன, டிராக்டர்லயா?"

அந்த நிமிடமே அவர் பயணக் குழுவின் தலைவரானார். யாரும் கைதூக்கவில்லை. யாரும் மறுக்கவுமில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்.

பத்து நாள் போனும் கையுமாக இருந்தார். அதன்பிறகு கப்பலின் முன்பக்கம், பின்பக்கம் என்று அவர் வாயில் வருவதே இல்லை. அணியம், அமரம் என்றுதான் சொல்வார். புளி போட வந்த நெல்லிவாசல்காரர்கள், இது ஏதோ புது எடைக்கணக்கு என்று நினைத்துக் கவலையோடு தலையாட்டினார்கள்.

மூவரும் திருப்பத்தூருக்கு இறங்கினார்கள். அங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். அதில் அன்பரசி என்று ஒரு பெண். பொறுமைசாலி. அன்றைக்கு அது அவளுக்குத் தேவைப்பட்டது.

"ரெண்டு விதமா இருக்கு சார். ஒண்ணு, சென்னையில கெளம்பி நடுக்கடல்ல ரெண்டு நாள் சுத்திட்டு சென்னைக்கே திரும்பிடும். இன்னொண்ணு இலங்கை போவும். அதுக்குப் பாஸ்போர்ட் வேணும்."

"கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்குக் கப்பல் எதுக்கும்மா? ராட்டினத்துல ஏறிட்டுப் போறேன்" என்றார் தாண்டவராயன்.

"எனக்கு அதாங்க புடிச்சிருக்கு. திரும்பி வரும்னு அவங்களே சொல்றாங்க பாருங்க" என்றார் அருணகிரி.

"ஹலால் சாப்பாடு கிடைக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா" என்றார் ஹனீஃபா. முன்கூட்டியே சொல்லிவைத்தால் கிடைக்கும் என்றாள் அன்பரசி. அத்தோடு அவருடைய சந்தேகம் தீர்ந்தது. அவர் ஆள் அப்படி.

அடுத்து அறை. ஜன்னலே இல்லாத அறை, ஜன்னல் வைத்த அறை, பால்கனி வைத்த அறை என்று மூன்று தினுசு. தாண்டவராயன் சுருக்கமாக முடித்தார். "எனக்குப் பால்கனி. இவங்களுக்கு ஜன்னல் இல்லாதது போட்டுடு."

"ஏண்ணே?" என்றார் ஹனீஃபா.

"தூங்கத்தானே போறீங்க பாய்? தூங்குறவனுக்கு இன்னாத்துக்கு ஜன்னலு? நான் அப்படியில்ல. அப்பப்போ எழுந்து கடலைப் பாத்துக்கணும்."

இவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் கடல் என்ன செய்துவிடும் என்று கேட்க அன்பரசிக்கு வாய்வரை வந்திருக்கும். வேலை பார்க்கிற இடம், அடக்கிக்கொண்டாள். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு மூவரும் எழுந்தார்கள்.

யோசிப்பதற்கு முன்பே பிளெக்ஸ் வந்துவிட்டது. மண்டிக்கு மேலே, ரோட்டைப் பார்த்தபடி. 'கடல் கடந்து பயணம் மேற்கொள்ளும் எங்கள் அண்ணன்' என்று கொட்டை எழுத்து. கீழே, 'வாழ்த்தி மகிழும் நண்பர்கள்'. எந்த நண்பர்கள் என்று அருணகிரிக்கும் தெரியவில்லை, ஹனீஃபாவுக்கும் தெரியவில்லை. கூலிங்கிளாஸும் வெள்ளைத் தொப்பியுமாகத் தாண்டவராயன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பிளெக்ஸ் கடைக்காரன் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு கப்பல்.

ஹனீஃபா கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "அண்ணே, இது கவுந்துகினு இருக்கிற கப்பல் மாதிரி தெரியுது."

"திரும்புது பாய். வளைவுல திரும்புறப்ப நம்ம ஜீப்பு சாயறதில்ல?"

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அதைக் காதில் வாங்கிய தாண்டவராயனின் மனைவி ஈஸ்வரிதான் முதன்முதலில் உருப்படியான கேள்வியைக் கேட்டார். ஈஸ்வரி, சாமை குத்துகிற மெஷின் ஒன்றைச் சொந்தமாக வைத்து நடத்துகிறவர். அதிகம் பேச மாட்டார். மெஷின் ஓடுகிற இடத்தில் பேசிப் பயனில்லை, வீட்டில் பேச இடம் கிடைப்பதில்லை.

"ஏங்க, நீங்க தண்ணி மேல போயிருக்கீங்களா?"

"இன்னா கேள்வி இது?"

"இல்ல, கேட்டேன். ஜமுனாமரத்தூர் ஏரியில படகு வுடறாங்களே, அதுல ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடலாமே."

அருணகிரியும் அவர் மனைவி ரேணுகாதேவியும் சேர்ந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போனார்கள். காலால் மிதித்து ஓட்டுகிற படகு. அதன் முகப்பில் ஒரு பிளாஸ்டிக் வாத்துத் தலை. தாண்டவராயன் லைப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே படகுத்துறை ஊழியருக்கு நீரோட்டத்தைப் பற்றி விளக்கினார். ஏரியில் நீரோட்டம் இல்லை. ஊழியர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

படகு கரையை விட்டு இரண்டு தென்னை நீளம்கூட விலகியிருக்காது. அடியில் தண்ணீர் லேசாக அசைந்தது. தாண்டவராயன் பேச்சை நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து ஈஸ்வரி அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால், மனிதர் இரண்டு கையாலும் வாத்தின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"ஓரமா போ. ஈஸ்வரி, ஓரமா போ."

"தண்ணியில ஓரம் எங்கங்க?"

"கரைக்குப் போடி! கரைக்கு!"

எதிரே வந்த காலேஜ் பெண்கள் செல்போனைத் தூக்குவதற்குள் ஈஸ்வரி மிதித்துக் கரைசேர்த்தார். தாண்டவராயன் இறங்கி, ஒரு கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டு, "பராமரிப்பு சரியில்லாத படகு" என்றார். ஈஸ்வரி ரேணுகாதேவியைக் கூப்பிட்டுக்கொண்டு அதே படகில் இன்னொரு சுற்றுப் போனார். நடு ஏரிவரை போனார்கள். அங்கிருந்து சிரிப்பு கேட்டது.

அடுத்த வாரத்திலிருந்து தாண்டவராயன் கப்பல்களிடம் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு மூக்கு சரியில்லை என்று சொல்கிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, ஒவ்வொரு கப்பலாகத் தள்ளினார். ஒன்று பழசு. இன்னொன்று ரொம்பப் புதுசு, ஓடித் தேறட்டும். ஒன்றில் சூதாட்டம் இருக்கிறது, குடும்பத்தோடு போக முடியாது. ஒன்றில் சாப்பாட்டை வரிசையில் நின்று எடுக்க வேண்டும், தலைவர் தட்டேந்தி நிற்பதா? ஐப்பசியில் புயல். மாசியில் புளி உலுக்குகிற வேலை. சித்திரையில் வெயில், கடல் சூடாகிவிடும்.

அன்பரசி ஒவ்வொரு முறையும் வேறு தேதி, வேறு கப்பல் என்று போனில் அனுப்புவாள். இவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "அமரம் சரியில்லையேம்மா" என்பார்.

ஹனீஃபா நேராகவே கேட்டுவிட்டார். "பயமா இருந்தா சொல்லிடுங்கண்ணே. நமக்குள்ள இன்னா?"

"பயமா? எனக்கா? உங்க உசுருக்கு நான் பொறுப்பு பாய். உங்களை நம்பி வூட்டுல பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க."

ஹனீஃபா அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல நண்பர்கள் ஒருவருடைய பொய்யை எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார்கள்.

பெண்களுக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை. ஹனீஃபாவின் மனைவி ஜோஹரா, ஈஸ்வரியிடம் சாமை அரிசி வாங்குகிறவர். ஒருநாள் அரிசிக்காகப் போனில் பேசும்போது, "கப்பல் இன்னா ஆச்சு ஈஸ்வரி?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு இன்னும் கடலைப் பரிசோதிச்சிகினு கீறாருக்கா."

"அவங்க பரிசோதிக்கட்டும். நாம போய்ட்டு வந்தா இன்னா?"

ஈஸ்வரி மெஷினை நிறுத்தினார். "போலாங்க்கா" என்றார்.

ஈஸ்வரியும் ஜோஹராவும் ரேணுகாதேவியும் அன்பரசியின் ஆபீஸில் போய் உட்கார்ந்தார்கள். எங்கேயும் போகாமல் சுற்றிவிட்டுத் திரும்புகிற கப்பல். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே அறை. ஜன்னல் வேண்டுமா என்றாள் அன்பரசி. "நாங்க ரூம்ல இருக்கப் போறதில்லம்மா" என்றார் ரேணுகாதேவி. டீ ஆறுவதற்குள் முடிந்தது. அத்தனை மாதமாகத் தாண்டவராயன் செய்த வேலை அவ்வளவுதான்.

வீட்டில் ஈஸ்வரி சொன்னபோது, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தாண்டவராயன் நிமிர்ந்தார். "யாரைக் கேட்டு?"

"என் காசுங்க. என் காலு. கேக்கறதுக்கு யாரு கீறா?"

அவர் ஹனீஃபாவுக்குப் போன் போட்டார். "பாய், நீங்களாவது கூடப் போங்க. தனியா எப்படி?"

"நானும் வர்றேன்னுதாண்ணே சொன்னேன். நீங்க வந்துட்டா தாண்டவண்ணனை யாரு பாத்துக்கறதுன்னு ஜோஹரா கேக்கறா."

ஜோலார்பேட்டை ரயிலடி வரைக்கும் அவரே ஜீப்பில் கொண்டுபோய் விட்டார். பிளாட்பாரத்தில் நின்று, அணியத்துப் பக்கம் நிற்காதீர்கள், அமரத்துப் பக்கமும் வேண்டாம் என்றார். அப்படியென்றால் எங்கே நிற்பது என்று ரேணுகாதேவி கேட்டார். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவருக்கு மோசமாகப் போயிற்று. கடலில் போன் எடுக்கவில்லை. மண்டிக்கு வருகிறவர்கள் மேலே இருக்கிற பிளெக்ஸைப் பார்ப்பார்கள், கீழே இருக்கிற ஆளைப் பார்ப்பார்கள். "இன்னாண்ணே, கப்பல் போய்டுச்சா?" முதல் நாள் பதில் சொன்னார். "நான்தான் ஏற்பாடு பண்ணி அனுப்பிவெச்சேன்." இரண்டாம் நாள் ஏணி போட்டு ஏறிப் பிளெக்ஸைக் கழற்றினார். அதைப் புளி மூட்டைக்கு மேலே போர்த்தினார். மழை வந்தால் நனையாது என்று கேட்காமலேயே எல்லோரிடமும் சொன்னார்.

ஈஸ்வரி திரும்பி வந்தபோது வெயிலில் முகம் கறுத்திருந்தது. பை கனத்திருந்தது. ஜோஹரா முதல் அரை நாள் வாந்தி எடுத்தாராம். பிறகு எழுந்து, விட்டதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டாராம். ரேணுகாதேவி யாரோ பஞ்சாபிக் குடும்பத்தோடு சேர்ந்து ஆடினாராம். அருணகிரிக்கு அந்த வீடியோ வந்திருந்தது. தன் மனைவிதானா என்று பல தடவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரி தன்னைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. விடியற்காலையில் மேல்தளத்தில் தனியாக நின்றதை மட்டும் சொன்னார். பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நின்று பார்வையை நிறுத்திவிடும். அங்கே எதுவும் நிறுத்தவில்லை. எவ்வளவு தூரம் பார்க்கலாமோ அவ்வளவு தூரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். காற்றாக இருக்கும் என்றார்.

தாண்டவராயன் குறுக்கே பேசாமல் கேட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. கடைசியில், "எல்லாத்துலயும் இன்னா நல்லா இருந்துச்சு?" என்றார். குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது.

ஈஸ்வரி யோசித்தார். "ரெண்டு நாளா எனக்கு யாரும் எதையும் வெளக்கிச் சொல்லலீங்க."

அவருக்கு உறைத்தது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். சாயங்காலம் வரை பேசவில்லை. அருணகிரி வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஈஸ்வரி மெஷினுக்குக் கிளம்பும்போது, மூன்று பேரும் பாஸ்போர்ட்டுக்குப் போகப்போவதாகவும், அடுத்தது இலங்கை என்றும் சொன்னார். "வேணும்னா நீங்களும் வாங்க. ஜன்னல் இல்லாத ரூம் ஒண்ணு போட்டுடலாம். கடலே தெரியாது."

தாண்டவராயன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லியிருக்கலாம். "பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போறப்ப," என்று ஆரம்பித்தார், "இடப்பக்கம் ஒரு கதவு இருக்கும். அதுல போகக்கூடாது."

ஈஸ்வரி ரோட்டைக் கடந்து போய் மெஷினைப் போட்டார். இவர் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.