அத்தை சேர்க்கச் சொன்ன வரி

ஆறாம் வகுப்பில் என்னைப் பேச்சுப் போட்டியில் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். நம்மூர் உயிர் ஒன்றையும் வெளிநாட்டு உயிர் ஒன்றையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். எனக்கு வாய்த்தவை வாத்தும், ஆஸ்திரேலியாவில் அழிந்துகொண்டிருந்த பில்பியும். பில்பிக்கு முயல் காது, எலி மூஞ்சி, வயிற்றில் பை. குட்டியை அந்தப் பையிலேயே வைத்து வளர்க்குமாம். வாத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுப்பு முடிந்தால் சின்னமனூர் வயலெங்கும் வாத்துதான். மேய்ந்த இடத்தில் முட்டையைப் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும்.

நான் அப்போது சின்னமனூரில் அத்தை வீட்டில் இருந்தேன். அப்பா இறந்த பிறகு அம்மா மேகமலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். ஜீப் கிடைத்தால்தான் கீழே இறங்க முடியும். போட்டிக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் கண்ணெதிரே முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

போட்டியன்று காலை அத்தை தலை பின்னும்போது ஒப்பித்துக் காட்டினேன். பில்பியை வாயாரப் புகழ்ந்துவிட்டு, "பெற்றதைத் தவிக்கவிட்டுப் போகும் வாத்தும் ஒரு தாயா?" என்று கையை நீட்டி முடித்தேன். அத்தையின் கை சடையில் அப்படியே நின்றது.

"ஏத்தா, அதை எடுத்துரு."

"டீச்சர் எழுதிக் குடுத்தாக அத்தை. அங்கனதான் எல்லாரும் கை தட்டுவாக."

"வாத்து ஒரே எடத்துல அடை உக்காருற ஆளா? மேஞ்சுக்கிட்டே போனாத்தான் அதுக்கு வயிறு நெறையும். அதான் முட்டைய நாம கோழிக்கு அடியில வைக்கிறோம். நம்பித்தான விட்டுட்டுப் போகுது? அதைச் சொல்லு. சொல்லலேன்னா மத்தச் சடையை நீயே பின்னிக்க."

ஒற்றைச் சடையோடு மேடையேற முடியுமா? ஒத்துக்கொண்டேன். அத்தை எனக்குச் செய்ததற்கெல்லாம் நன்றி சொல்லி மாளாது. எல்லாவற்றிலும் பெரியது, அன்று சடையைப் பிடித்துக்கொண்டு என்னை மிரட்டியதுதான்.

மேடையில் டீச்சரின் வரியை விட்டேன். "வாத்து முட்டையைக் கைவிடவில்லை. கோழியை நம்பி விட்டுவிட்டுப் போகிறது" என்று முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் சொதப்பிய அவமானம் என்றே நினைத்தேன். கிடைத்தது இரண்டாம் பரிசு, ஒரு சோப்பு டப்பா.

கூட்டம் கலைந்ததும் அம்மா என்னிடம் வரவில்லை. நேராக அத்தையிடம் போய், "மதினி" என்றாள். அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். என் முதல் பரிசைக் கெடுத்ததே அத்தைதான், அவள் கையைப் போய் இவள் எதற்குப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.