பையர் வராத மாதங்களில் பேட்டரி கார்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பனியன் கம்பெனியில் ஒரு பேட்டரி கார் உண்டு. ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வரும் பையர்களை உட்காரவைத்து நிட்டிங் ஷெட்டிலிருந்து பேக்கிங் வரை சுற்றிக்காட்ட முதலாளி வாங்கியது. கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற வண்டியாம். எங்களில் யாரும் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்ததில்லை. அதைப் பராமரிப்பது என் பொறுப்பு.

ஆர்டர்கள் குறைந்துபோன அந்த வருடம் பையர்கள் வரவில்லை. பாதித் தையல் லைன்கள் நின்றுவிட்டன. வண்டியை மட்டும் நிறுத்த முடியாது. சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும். வாரந்தோறும் சீட்டைத் தூக்கி, பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து கிரீஸ் தடவுவேன். சார்ஜ் ஏறி முடிந்ததும் மூடிகளைத் திறந்து, குறைந்த இடத்தில் பேட்டரி தண்ணீர் ஊற்றுவேன். டயர் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, காலி வண்டியை வளாகம் முழுக்க ஓட்டி வருவேன். அந்த வேலையில்தான் மனம் கொஞ்சம் நிற்கும். மற்ற நேரமெல்லாம் பழுதில்லாத மின் பேனல்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அடுத்து யாரை வேலையிலிருந்து நிறுத்துவார்களோ என்ற கேள்வி எனக்கும் இருந்தது.

வண்டியை எடுத்தால் ஷெட்டுகளுக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஜன்னல் வழியே அதைப் பார்த்ததும் பையர் வருகிறார் என்று பேச்சு ஓடுமாம். கீழே கிடக்கும் துணி வெட்டுகளைப் பொறுக்கி, மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவார்களாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, தைத்த பனியன்களில் பழுது தேடும் செக்கிங்கில் வேலை பார்த்த ஒரு பெண்தான் இதைச் சொன்னாள். ஒருநாள் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"எக்கா, பையர் வாராகளா இல்லையா, நெசத்தச் சொல்லுங்க. வெள்ளகோவில் கம்பெனில என்னையும் எங்க வீட்டுக்காரரையும் கூப்புடுதாக. இந்த வண்டியப் பாத்துத்தான் போவாம இருக்கேன்."

"வர்றதா யாரும் சொல்லலீங்க. பேட்டரிக்காகத்தான் ஓட்டறனுங்க" என்றேன்.

அவள் காலிப் பின்சீட்டைப் பார்த்தாள். உள்ளே போனாள். மறுவாரம் அவள் மேஜை முன் வேறொருத்தி நின்றாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேனேஜரிடம் போய், வண்டியை வேலை தொடங்குவதற்கு முன்பே ஓட்டிவிடட்டுமா என்று கேட்டேன். நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"வேண்டாங்க அம்மணி. பகல்லயே ஓட்டுங்க. வண்டி ஓடறதப் பாத்தாத்தானுங்க சனம் நாளைக்கும் வருது."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஜன்னலுக்கும் தெரியாதபடி பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் மட்டும் போய் வந்தேன். அவர் கவனித்தார், ஏன் என்று கேட்கவில்லை.

பையர் வந்தது நான் சீட்டைக் கழற்றி வைத்து மூடிகளைத் திறந்திருந்த ஒரு காலையில். கோயம்புத்தூருக்கு வேறு வேலையாக வந்தவர், முன்கூட்டிச் சொல்லாமல் முதலாளியோடு இறங்கினார். முதலாளி என்னை முறைத்தார். மூடிகளை அவசரமாகத் திருகினேன். பையரோ நடந்தே போகலாம் என்றார். யாரும் எதையும் ஒழுங்குபடுத்தியிருக்கவில்லை. மாலையில் குழந்தைகள் பனியனுக்குச் சின்னதாக ஓர் ஆர்டர் கிடைத்தது. நின்ற லைன்களில் இரண்டு ஓடத் தொடங்கின.

நான் அந்தச் செக்கிங் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, திரும்பி வருகிறாயா என்றேன்.

"புள்ளைய இங்க பள்ளிக்கூடத்துல சேத்தாச்சுக்கா. இனி அலைய முடியாது" என்றாள். குரலில் கோபமில்லை.

அங்கே எலக்ட்ரீஷியன் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேனென்று எனக்கே தெரியாது. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடாமல் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மறுநாள் கூப்பிட்டு, அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம் என்றாள். போவதா இருப்பதா என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.