அடிக்கிறான், அழிக்கிறான்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘என்டர்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

உதிரிபாகக் கிடங்கின் கணக்கு முழுவதும் அவர் எழுதிய புரோகிராம்களில்தான் ஓடியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பார்க்க ஏதோ பாசி பிடித்த தொட்டி மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு. என்ன அடித்தாலும், என்டர் அழுத்தும்வரை கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தப்பாக அடிக்கலாம், அழிக்கலாம். மேனேஜரைக் கண்டபடி திட்டி அடித்துப் பார்த்துவிட்டு, மனசு ஆறியதும் துடைத்துவிடலாம். அழுத்தாதவரை எதுவும் நடக்கவே இல்லை.

இந்தச் சட்டம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எதையும் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பொத்தானைத் தொடுவார். பெயர் வந்த கதை அதுதான். கல்யாண விஷயத்திலும் சரிபார்த்துக்கொண்டே இருந்தார், கடைசிவரை அழுத்தவில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவர் சரிபார்க்காமல் அனுப்பினார். அம்மா செத்த அன்று.

அவருடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். காலையில் கிளம்பும்போது, “நான் மேல போயிட்டு வரேன்” என்பான். “வாயக் கழுவுங்க” என்பாள் பொண்டாட்டி. தினமும் இதே ஜோக், தினமும் இதே திட்டு. அம்மாவின் உயிர் போன நேரத்தில், நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டிலிருந்து யாரையோ வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். தகவல் கிடைத்து, கிரீஸ் கையோடு, டூல்ஸ் பையோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னார்:

“இப்ப வந்து எதை ரிப்பேர் பண்ணப் போற?”

தம்பி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டான். பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

மன்னிப்புக் கேட்க அவருக்கு ஆசைதான். தினமும் மதியம், டிபன் டப்பாவை மூடியதும், கிடங்குக்குப் பின்னால் பழைய டயர்கள் மேல் உட்கார்ந்து போனை எடுப்பார். “தம்பிக்கு, மேற்படி விஷயம் தொடர்பாக...” என்று அடிப்பார். இது என்ன, டெண்டரா? அழிப்பார். “அன்றைக்கு நான் சொன்னதை...” அழிப்பார். “எப்படி இருக்கே?” அதைக்கூட அழிப்பார். அனுப்பவில்லையே, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வேலைக்குத் திரும்புவார்.

இதற்கிடையில் கிடங்குக்குப் புதுக் காய்ச்சல் வந்தது. எல்லாம் பிரவுசரில் ஓட வேண்டுமாம். படம் தெரிய வேண்டும், தொட்டால் பட்டியல் விரிய வேண்டும், தேதிக்குக் காலண்டர் குதித்து வர வேண்டுமாம். முதலில் வந்த பையன்கள், பக்கத்தின் உருவத்துக்கு ஒரு மொழி, நிறத்துக்கு ஒரு மொழி, ஆட்டத்துக்கு ஒரு மொழி, பின்னால் ஓடுவதற்கு ஒரு மொழி என்று அடுக்கினார்கள். என்டர் அன்றைக்குத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, ராஜினாமா கடிதம் அடித்தார். வழக்கம்போல அழித்தார்.

அடுத்து வந்தது ஒரு பயிற்சியாளர் பெண். அவள் கொண்டுவந்த மென்பொருள் வேறு ரகம்.

“சார், நீங்க புதுசா எதுவும் கத்துக்க வேணாம். திரை எப்படி இருக்கணும்னு வரைஞ்சிடுங்க. எந்தக் கட்டத்துல என்ன நடக்கணும்னு உங்க பழைய மொழியிலேயே எழுதுங்க. பிரவுசர்கிட்ட பேசறதை இது பார்த்துக்கும்.”

“என் மொழியிலயேவா? அதை நானும் இந்தக் கம்ப்யூட்டரும் மட்டுந்தானேம்மா பேசறோம்!”

“மூணாவதா இதுவும் பேசுது சார்.”

அவர் நம்பாமல் நாலு வரி எழுதினார். பச்சைப் பாசி போய், பளிச்சென்று ஒரு பக்கம் வந்து நின்றது. பட்டியல் விரிந்தது, காலண்டர் குதித்தது. ஸ்டோர் கீப்பர் எட்டிப் பார்த்து, “என்ன சார், உங்க புரோகிராம் பவுடர் போட்டு மாப்பிள்ளை கணக்கா நிக்குது!” என்றார். என்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயசு குறைந்துபோனது மாதிரி இருந்தது.

பிறகு அவள் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இருந்த இன்னொரு இடத்தைக் காட்டினாள். “ஒரு எழுத்து அடிச்சதும் என்ன செய்யணும்? அதை இங்க எழுதுங்க சார்.”

“அடிச்சதும்னா, என்டர் அழுத்தினதும்தானே?”

“இல்ல சார். அடிக்க அடிக்கவே அந்தப் பக்கம் தெரியும்.”

பக்கத்தில் இன்னொரு திரையைத் திறந்து வைத்தாள். இவர் இங்கே ஒரு எழுத்தைத் தொட்டார். அங்கே, ‘வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று வந்தது. விரலை எடுத்தார், மறைந்தது. மறுபடி தொட்டார், வந்தது.

“போன்லயும்... இப்படித்தானாம்மா?”

“ஆமா சார். மேல ‘டைப்பிங்’னு வருமே, பார்த்ததில்லையா?”

பார்த்திருக்கிறார். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தார்.

அத்தனை மதியங்களும் தம்பிக்குத் தெரிந்திருக்கும்! கதவைச் சாத்தியிருக்கிறோம் என்று நினைத்துக் குளித்துவிட்டு, வெளியே வந்து பார்த்தால் கதவே இல்லை என்கிற மாதிரி கூசிப்போனார். அன்று மதியம் டயர்கள் பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. முதலில் ஒழுங்காக யோசித்து, மனசுக்குள்ளேயே எழுதி முடித்து, ஒரே மூச்சில் அனுப்பிவிடுவோம் என்று முடிவு கட்டினார். மனசுக்குள் அடிப்பது யாருக்கும் தெரியாதே.

அப்படி அவர் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கிடங்குக்குப் போன் வந்தது. தம்பி பொண்டாட்டி. வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டியவன், அப்படியே சாய்ந்துவிட்டானாம். மேலே போவதற்கு அவனுக்கு அன்றைக்கு லிஃப்ட் தேவைப்படவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகும் அவர் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கதவோரம் டூல்ஸ் பை, அதன் மேல் காய்ந்த கைத்துணி. தம்பி பொண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்தாள்.

“மாமா, உங்க உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“எனக்கென்னம்மா. ஏன் கேக்கற?”

“அவருதான் கேட்டுட்டே இருந்தாரு. மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் போனைத் திறந்து வெச்சுக்குவாரு. ‘ஏய், வந்துட்டான் பாரு. அடிக்கிறான்... அழிக்கிறான்... மறுபடி அடிக்கிறான்’னு ஒரே சிரிப்பு. ‘இன்னைக்கு அனுப்பிடுவான் பாரேன்’னு என்கிட்ட பந்தயம் வேற.”

அவர் டீ டம்ளரையே பார்த்தார். மேலே ஆடை படிந்துகொண்டிருந்தது.

“நீங்களே அனுப்ப வேண்டியதுதானேன்னு சொன்னேன் மாமா. ‘அவன் எழுதிட்டிருக்கான்டீ. நடுவுல நான் புகுந்தா பாவம், முதல்லேருந்து ஆரம்பிப்பான்’னாரு.”

“அதுக்கப்புறம்?”

“கொஞ்ச நாளா வரலையே. சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே போனைப் பார்ப்பாரு. ‘என்னடீ, அண்ணன் அடிக்கவே மாட்டேங்கிறான்? படுத்துட்டானா? ஒத்தையா கெடப்பானே’ன்னு ஒரே புலம்பல். ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ப் பார்த்துடலாம்னு சொல்லிட்டிருந்தாரு.”

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் வேறு என்னென்னவோ வந்துவிட்டது.

தம்பியின் போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. “அணைக்க மனசு வரலை மாமா” என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். கண்ணாடி மங்கிப்போயிருந்தது. ஒரு எழுத்து அடித்தார். தம்பியின் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: “மாமா... வருது.”

அடித்தார். ‘தம்ப்பி நா அன்னிக்கி சொனது தபுடா’ என்று வந்திருந்தது. ஒரே வரியில் அத்தனை பிழை. வாழ்நாளில் இப்படி ஒரு வரியை அவர் விட்டுவைத்ததே இல்லை. பழக்கதோஷத்தில் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது.

“அழிக்காதீங்க மாமா.”

ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் அழுத்தினார்.

அவள் கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.