அண்ணை விட்டுவைத்த உச்சி

லண்டனில் எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அண்ணையோடு நான் போனேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யலாம் என்றார்கள். வீட்டு விஷயம் வெளியாளுக்கு எதற்கு என்று நான்தான் வேண்டாமென்றேன்.

டொக்டர் நிதானமாகத்தான் சொன்னார். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி மாற்ற வழியில்லை, அடுத்த கோடை வரைக்கும் இருப்பது கடினம். அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"ஈரலில கொஞ்சம் வீக்கமாம். குளிசையை ஒழுங்காப் போட்டா மாறுமாம்."

வருத்தக்காரனுக்கு உள்ளதைச் சொன்னால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்பாவிடமும் இப்படித்தான் மறைத்தோம். சொல்லிப்போடாதேங்கோ என்று அண்ணியும் அழுதா. எனக்கு வெட்கமாகவே இருக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன், மடையன்.

அண்ணை லண்டனின் மிச்சம் பகுதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் முப்பது வருடம் ஷிப்ட் அடித்தவர். வெள்ளிக்கிழமைகளில் கார் நிறையக் கூடாரமும் மலையேறும் சப்பாத்துமாக வந்து பெட்ரோல் அடித்துப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, தானும் ஒருமுறை மலையேற வேண்டுமென்று ஆசை வைத்திருந்தார். அந்த ஆசையையாவது தீர்த்துவிடுவோம் என்று அந்த வருடக் கோடையிலேயே அவரை வேல்ஸிலுள்ள ஒரு மலைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன்.

அண்ணி ரைஸ் குக்கரையும் கட்டித் தந்திருந்தா. கூடாரத்தில் பிளக் இருக்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. சோற்றுக்குப் பதில் பாணும் சம்பலும் தின்றுவிட்டுக் காலையில் ஏறத் தொடங்கினோம். மெல்ல மெல்ல நடந்தார். ஆடுகளைக் கண்டால் நின்று சுகம் விசாரித்தார். மத்தியானம் உச்சிக் கற்குவியல் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கால்மணி நேர நடைதான்.

அண்ணை ஒரு கல்லில் அமர்ந்தார். "காணும், இவ்வளவு போதும். இறங்குவம்."

"ஏலாமல் இருக்கோ அண்ணை?"

"சீ, ஏலும். எல்லாத்தையும் இண்டைக்கே பாத்து முடிச்சா அடுத்த வருசம் என்னத்துக்கு வாறது? உன்ர அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்து ஏறுவம்."

"கொஞ்சத் தூரம்தானே. வாங்கோ அண்ணை."

"என்னடா அவசரம்? மலை எங்கை ஓடப்போகுது?"

அவசரம் என்னவென்று சொல்ல ஒரேயொரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்லப் பயம், வேறொன்றுமில்லை. அண்ணை முன்னால் இறங்கினார், சந்தோஷமாக. நான் பின்னால் அழுதுகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தைத் தானே துடைத்து மடித்து என் ஷெட்டில் வைத்தார்.

மாசியில் செத்துப்போனார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று சமையலறையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டா. "அண்டைக்கு அவர் களைச்சுப் போய்த்தானே திரும்பினவர்? வந்து என்னட்டை அடுத்த வருசம் ஏறுவம் எண்டது என்னைத் தேற்றச் சொன்னதுதானே?"

எங்கள் பொய்யை நம்பித்தான் அவர் உச்சியை விட்டுவைத்தாரோ என்று கேட்கிறா என எனக்கு விளங்கியது.

"ஓம் அண்ணி. அவருக்கு ஏலாமப் போச்சுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு பரிமாறப் போனா. அண்ணைக்கு அன்றைக்கு ஏலும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.