மூன்று கியூப் ஏற்றிய டிப்பர்

கண்டிக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், தலதா மாளிகையைப் பார்ப்பார்கள். நான் போனது டிப்பர் லாரியின் வேகத்தை அளக்க. திகன பக்கம் ஒரு கல் குவாரிக்காக, சேலத்தில் உட்கார்ந்தபடியே கணினியில் லாரி ஓட்டத்துக்கு ஒரு மாதிரி போட்டிருந்தேன். ஒரு நடை போய்வர இருபத்தேழு நிமிடம், இப்போதுள்ள ஐந்து லாரி தேவையில்லை, மூன்று போதும் என்றது அது. குவாரி மேலாளர் உடனே இரண்டு ஓட்டுநர்களை வேலையிலிருந்து நிறுத்த முடிவெடுத்துவிட்டார். புதிய லாரி அட்டவணையில் என் கையெழுத்துதான் பாக்கி. நேரில் பார்க்காமல் போட மாட்டேன் என்று பிப்ரவரியில் கிளம்பிவிட்டேன்.

தங்கியது கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில். காலை 5.40க்கு ஆட்டோ, கண்டி பஸ் நிலையம் வரை நானூறு ரூபாய். அங்கிருந்து திகன பதினைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், நடத்துநரின் முறைப்பு மலைக்குளிரைவிட மோசம்.

ஏழு மணிக்குச் செல்வராஜின் டிப்பரில் ஏறினேன். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும். குழியில் கல் ஏற்றி, இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் போய்க் கல்லுடைக்கும் கிரஷரில் கொட்ட வேண்டும். ஏற்றத்துக்கு நான் எழுதியிருந்தது எட்டு நிமிடம். வண்டி முதல் கியரை விட்டு நகரவேயில்லை. இருபத்துநான்கு நிமிடம் ஆனது. மனிதர் வேண்டுமென்றே உருட்டுகிறார் என்றே நினைத்தேன்.

இரண்டாம் நடையில் கேட்டுவிட்டேன். “ஏங்க இவ்வளவு மெதுவா?”

“மூணு கியூப் ஏத்திக்கிட்டு வேற எப்படி மிஸ் போறது?”

“மூணு கன மீட்டர்தானே? அஞ்சு டன்கூட வராதே.”

அவர் சிரித்தார். “மீட்டரா? ஒரு கியூப்புன்னா நூறு கன அடி மிஸ். பதிமூணு டன்னுக்கு மேல நிக்குது பின்னால.”

நூறு கன அடி. எங்கள் ஊரில் அதை யூனிட் என்போம். குவாரி அனுப்பிய தாளில் கியூப் என்றிருந்ததை நானாகக் கன மீட்டர் ஆக்கியிருந்தேன். தினசரி இலக்கும் கியூபிலேயே இருந்ததால் நடைகளின் எண்ணிக்கை சரியாக வந்து, தப்பு மறைந்துகொண்டது. மூன்றில் ஒரு பங்கு பாரத்தோடு என் லாரி கணினியில் பறந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

“மூணு லாரி போதும்னு கணக்குப் போட்டது நான்தாங்க,” என்றேன்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நிப்பாட்டுற ரெண்டு பேருல நானும் ஒருத்தன் மிஸ்.”

மாலைவரை பத்து நடை அளந்தேன். சராசரி நாற்பத்துநான்கு நிமிடம். மாதிரியைத் திருத்தி, ஐந்து லாரியும் வேண்டும் என்று மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் மூச்சுவிடாமல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில், “அப்ப யாரையும் நிப்பாட்டத் தேவையில்ல,” என்றார். அதை வெளியே நின்ற செல்வராஜிடம் மேலாளரையே சொல்லவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இதுபோன்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு: கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே கேளுங்கள். பாரம் ஏற்றிய வண்டியில் ஒரு நடையாவது உட்காருங்கள். தாளில் உள்ள அளவு எது என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் சேலத்திலிருந்தே கேட்டிருக்கலாம். வேலை போகப்போவதைச் செல்வராஜ் பத்து நாளாக வீட்டில் சொல்லாமல் இருந்தாராம்.