நாக்கு ஒட்டாத டோலமைட்

மண்ணூரிலிருந்து மெட்ராஸ் காலேஜுக்குப் போகிற பஸ். மடியில் இரண்டு கல். இரண்டும் டோலமைட், செமினாருக்காக ஆய்வக அலமாரியிலிருந்து கேட்டு வாங்கியவை. ஒன்று சர்க்கரைக் கட்டி மாதிரி பொரபொர, மற்றது வழவழ. இரண்டிலும் மாற்றி மாற்றி நாக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னாம்மா, கல்ல நக்கினு வர்ற? வூட்ல சோறு போடலியா?" என்றார் கண்டக்டர்.

"சோறு ஆச்சுண்ணே. இது தொட்டுக்க."

சிரிக்கட்டும். ஜியாலஜி படிக்கிறவர்களுக்கு நாக்கும் ஒரு கருவிதான். நுண்துளை உள்ள கல் ஈரத்தை இழுக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். துளை இல்லாவிட்டால் வழுக்கும்.

எங்கள் சார் கொடுத்த நோட்ஸில் ஒரே வரி: சுண்ணாம்புக்கல் டோலமைட்டாக மாறினால் துளை பெருகும், கச்சா எண்ணெய் தங்கும். பாதிதான் உண்மை! மெக்னீசியம் கலந்த நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி, பழைய படிகத்தைக் கரைத்துப் புதியதை வளர்க்கிறது. புதியது குறைவான இடத்தைப் பிடித்தால் மிச்சம் துளையாகும். ஆனால் அந்த நீர் ஓயாமல் மெக்னீசியமும் சுண்ணாம்புமாகக் கொண்டுவந்து கொட்டினால்? படிகம் வளர்ந்து துளையையே அடைத்துவிடும். அதில் எண்ணெய் எப்படி ஓடும்? இதைத்தான் சொல்லப் போனேன். செமினார் தேறினால்தான் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகிற பஸ்ஸில் இடம். எங்கள் பக்கம் ஏரியும் வயலும்தான்; அந்தப் பாறையை அது கிடக்கிற இடத்தில் நான் பார்த்ததே இல்லை.

வகுப்பில் எல்லார் முன்னாலும் சர்க்கரைக் கல்லில் நாக்கை வைத்தேன். ஒட்ட வேண்டியது வழுக்கியது. வழி முழுக்க நக்கி நக்கி அதை ஊற வைத்திருக்கிறேன்!

"ருசி எப்படிம்மா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. "போய் உட்காரு."

உட்காரவில்லை. மேசைமேல் இருந்த சுத்தியலை எடுத்து ஒரே போடு. உடைந்த பக்கம் காய்ந்திருந்தது. நாக்கை வைத்தேன், பிடித்துக்கொண்டது. இன்னொரு துண்டை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே பாருங்க சார்."

அவர் கல்லைப் பார்க்கவில்லை. அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். "காலேஜ் சாமானை உடைச்சிட்டியே! மன்னிப்புக் கடிதம் கொடு. அப்புறம்தான் குவாரி."

எழுதிக் கொடுத்தேன்: 'கல்லை உடைத்தது நான்தான். மற்றதையும் உடைத்து ஒப்பிட அனுமதி வேண்டும்.'

குவாரி பஸ் நான் இல்லாமல் கிளம்பியது. அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் மறுபடி எழுதச் சொன்னாலும் அதே இரண்டு வரிதான்.